முதலில் மேகசினைப் பார்

சான் அன்டோனியோ
சனிக்கிழமை இரவு

அன்புத் தம்பி செந்திலுக்கு,

போனில் நான் சொன்னதில் பாதிகூட உன் காதில் விழுந்திருக்காது. பின்னால் வாண்டுகள் இரண்டும் அப்படிக் கத்திக்கொண்டிருந்தன. அதனால் எழுதுகிறேன். பக்கத்தில் வைத்துக்கொண்டு நிதானமாகச் செய்து பார்க்க இதுதான் வசதி.

துப்பாக்கியை விற்றுவிடப் போகிறேன் என்றாயே, அந்த அவசரம் வேண்டாம். கிரீன் கார்டு வந்தபிறகு தேடித்தேடி வாங்கியது. நடுநடுவே சிக்குகிறது, கடைசித் தோட்டா போனபிறகு ஸ்லைடு திறந்து நிற்பதில்லை என்று நீ சொன்ன இரண்டு புகாரையும் கேட்டதும் எனக்கு முதல் சந்தேகம் மேகசின் மேல்தான் வந்தது. எங்கள் ரேஞ்சில் நான் பாதுகாப்புக்கு நிற்கும் நாட்களில் யாராவது முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு "இந்தத் துப்பாக்கியே சரியில்லை" என்று வந்தால், "வேறு மேகசின் போட்டுப் பார்த்தீர்களா?" என்றுதான் முதலில் கேட்பேன். பலர் பார்த்திருக்க மாட்டார்கள். குழலுக்கும் சைட்டுக்கும் அத்தனை காசு செலவழிப்பார்கள். சிமெண்ட் தரையில் விழுந்து விழுந்து அடிபடும் அந்தத் தகரப் பெட்டியை மட்டும் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

உள்ளே நடப்பது என்ன என்று ஒருமுறை யோசித்துப் பார். சுட்டவுடன் ஸ்லைடு பின்னால் போகிறது, காலிக் கூட்டை வெளியே எறிகிறது, ஸ்பிரிங் தள்ள மறுபடி முன்னால் பாய்கிறது. அது திரும்பி வருவதற்குள் மேகசின் அடுத்த தோட்டாவை மேலே தூக்கி அதன் வழியில் நிறுத்தியிருக்க வேண்டும். ஸ்லைடு யாருக்காகவும் காத்திருக்காது. ஐந்து அங்குலக் குழல் உள்ள 1911 மாதிரிப் பெரிய பிஸ்டலில் ஸ்லைடு கனமானது, ஓடும் தூரமும் அதிகம். மேகசின் ஸ்பிரிங் கொஞ்சம் சோர்ந்திருந்தாலும் சமாளித்துவிடும். உன்னுடையது மூன்று அங்குலச் சொச்சம். ஸ்லைடு லேசு, ரீகாயில் ஸ்பிரிங் முரட்டுத்தனம், ஓட்டம் குட்டை. மேகசினுக்குக் கிடைக்கும் நேரம் அதில் மிகக் குறைவு. பெரிய துப்பாக்கி பொறுத்துப் போகும் குறையை உன் குட்டித் துப்பாக்கி பொறுக்காது, அவ்வளவுதான்.

இன்னொன்றும் இருக்கிறது. துப்பாக்கி வடிவமைப்பாளர் பிரவுனிங் செய்த 1911-இல் தோட்டாக்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏழு இருக்கும், ஒரே வரிசை. அவர் 1926-இல் பெல்ஜியத்தில் இறந்துபோனார். அவர் பாதியில் விட்ட பிஸ்டலை ஹெர்ஸ்டாலில் இருந்த எஃப்.என். தொழிற்சாலையின் தியூதொனே சைவ் முடித்தார். 1935-இல் வந்த ஹை-பவர் அதுதான். அதன் மேகசினில் 13 தோட்டா. மாற்றி மாற்றி இரண்டு வரிசையாக அடுக்கி, மேலே போகும்போது ஒரே வரிசையாகச் சைவ் குறுக்கிவிட்டார். நம் ஊர் ரேஷன் கடையில் இரண்டு வரிசையாக நின்றுவிட்டு, தராசுக்கு முன்னால் ஒரே வரிசையாகும் இடத்தில்தானே தள்ளுமுள்ளு நடக்கும்? இங்கேயும் சிக்கல் அந்தக் குறுகும் இடத்தில்தான். 2018-இல் சிக் சாவர் பி365 வந்து, உள்ளங்கை அளவுத் துப்பாக்கியில் பத்துத் தோட்டா அடக்க முடியும் என்று காட்டியது. அதற்குப்பின் பல கம்பெனிகளும் அந்த வழியில் இறங்கிவிட்டன. இடம் கிடைத்தது, வாஸ்தவம். ஆனால் அந்தச் சின்னக் குழாயில் ஸ்பிரிங்கை நசுக்கோ நசுக்கென்று நசுக்கித்தான் இடம் பிடித்திருக்கிறார்கள். கொஞ்சம் மணலோ பஞ்சோ போனாலே உரசல் வந்துவிடும். ஃபீனிக்ஸ் புழுதியில் இருக்கிற உனக்கு நான் சொல்லவா வேண்டும்?

சரி, வேலைக்கு வருவோம். எதைத் தொடுவதற்கு முன்னும் மேகசினை வெளியே எடு, அதற்குப் பிறகு ஸ்லைடை இழு. இந்த வரிசை மாறவே கூடாது. ஸ்லைடை முதலில் இழுத்துவிட்டு மேகசினை எடுத்தால், சேம்பரில் ஒரு தோட்டா புதிதாக ஏறி உட்கார்ந்திருக்கும். நீ காலி என்று நினைத்துக்கொண்டிருப்பாய். சேம்பரைக் கண்ணாலும் பார், விரலாலும் தொட்டுப் பார். நிஜத் தோட்டா அந்த அறையிலேயே இருக்கக் கூடாது. கையால் இழுத்துச் சோதிக்க டம்மித் தோட்டா ஒரு பாக்கெட் வாங்கிக்கொள்.

அடுத்து, வெள்ளிக் கலர் பெயிண்ட் பேனாவால் மூன்று மேகசினின் அடியிலும் 1, 2, 3 என்று எழுது. துப்பாக்கியோடு வந்தவை 1, 2. கன் ஷோவில் சல்லிசாகக் கிடைத்தது என்று வாங்கினாயே, அந்த நீளமானது 3. ரேஞ்சில் மூன்றுக்கும் ஒரே டப்பாத் தோட்டாதான். சிக்கும் ஒவ்வொரு தடவையும் மூன்று விஷயம் எழுதிக்கொள்: எந்த நம்பர், எத்தனையாவது தோட்டா, எப்படிச் சிக்கியது. உடனே தட்டி இழுத்துச் சரிசெய்துவிடாதே. போட்டியிலும் ஆபத்திலும் அது சரி. நோய் கண்டுபிடிக்கப் போன இடத்தில் தடயத்தை நீயே அழிக்கக் கூடாது. குழலை இலக்கின் பக்கம் வைத்தபடியே, விரலை டிரிக்கரிலிருந்து எடுத்துவிட்டு, உற்றுப் பார். ஒரே ஒரு எச்சரிக்கை: சத்தம் வழக்கத்தைவிட மெலிதாகப் 'புஸ்' என்று வந்தால் உடனே நிறுத்திவிடு. குண்டு குழலுக்குள்ளேயே நின்றிருக்கலாம். அடுத்ததைச் சுட்டால் துப்பாக்கி வெடிக்கலாம்.

கோளாறு ஒரு நம்பரோடு மட்டும் போனால் அந்த மேகசின் குற்றவாளி. மூன்றிலும் வந்தால் எக்ஸ்ட்ராக்டர், ரீகாயில் ஸ்பிரிங், தோட்டா, உன் கைப்பிடி என்று வேறு பக்கம் தேடவேண்டும். ஒரு நம்பர்தான் என்று தெரிந்தபிறகு அதன் ஸ்பிரிங்கை நல்ல மேகசினில் மாற்றிப் போட்டுப் பார். 1, 2 இரண்டும் ஒரே அளவு என்பதால் அவற்றுக்குள் மாற்றலாம். நோய் ஸ்பிரிங்கோடு போனால் புது ஸ்பிரிங் வாங்கினால் போதும், பெட்டியோடே நின்றால் பெட்டியை மாற்று.

சிக்கிய கோலமே பாதி விடை சொல்லிவிடும். தோட்டாவின் மூக்கு கீழே குத்தி ரேம்பில் முட்டி நிற்கிறது என்றால், மேகசின் போதுமான வேகத்தில் தூக்கவில்லை. ஸ்பிரிங் தளர்ந்திருக்கும், தோட்டாவைத் தாங்கும் தட்டான ஃபாலோயர் முன்பக்கம் சாய்ந்திருக்கும், இல்லையென்றால் மேகசினே முழுதாக ஏறி உட்கார்ந்திருக்காது. மூக்கு வானத்தைப் பார்த்து நிற்கிறது என்றால் மேல்வாயில் உள்நோக்கி மடிந்திருக்கும் லிப் இரண்டையும் பார். அவை விரிந்திருந்தால் தோட்டா நேரத்துக்கு முன்பே விடுபட்டுவிடும். மேகசினில் தோட்டா இருக்கிறது, ஸ்லைடு மட்டும் காலிச் சேம்பரில் மூடிக்கொண்டது என்றால் தோட்டா வந்து சேர்வதற்குள் ஸ்லைடு கடந்துவிட்டது என்று அர்த்தம். இரண்டு தோட்டா ஒன்றாக மோதி நின்றால் அவசரப்பட்டு லிப்பைத் திட்டாதே. சேம்பரில் இருப்பது காலிக் கூடா, புதுத் தோட்டாவா என்று பார். காலிக் கூடு என்றால் அதை வெளியே இழுக்காதது எக்ஸ்ட்ராக்டர். மேகசின் பாவம், தன் வேலையைச் செய்திருக்கிறது.

எத்தனையாவது தோட்டா என்பதை எழுதச் சொன்னதற்கும் காரணம் உண்டு. முதல் தோட்டாவில் சிக்கினால் அடுக்கு இறுக்கமாக இருக்கிறது. ஒன்றைக் குறைத்துப் போட்டுப் பார். கடைசி ஒன்றிரண்டில் சிக்கினால் ஸ்பிரிங்குக்குத் தெம்பு போய்விட்டது. ஸ்பிரிங் முழுதாக விரிந்து நிற்கும் இடம் அது. தள்ள வலு மிச்சமிருக்காது. மேகசினை நிரப்பி வைத்தாலே ஸ்பிரிங் செத்துவிடும் என்று உன் நண்பர் சொன்னதை நான் அவ்வளவாக ஏற்கமாட்டேன். நல்ல எஃகை அதிகம் தேய்ப்பது திரும்பத் திரும்ப அமுங்கி விரிவதுதான். ஆனால் உன் குட்டி மேகசினில் ஸ்பிரிங் படும் பாடு அதிகம் என்பதால், டயர் மாதிரி அதையும் தேயும் சாமான் என்றே வைத்துக்கொள்.

ஸ்லைடு திறந்து நிற்காத புகாருக்கு வருகிறேன். காலியான மேகசினின் ஃபாலோயர் ஸ்லைடு ஸ்டாப்பை மேலே தள்ள வேண்டும். ஸ்பிரிங் தளர்ந்தால் தள்ளாது. ஆனால் உன் விஷயத்தில் நான் பந்தயம் கட்டுவது உன் கட்டைவிரல் மேல். அப்பா கை உனக்கு. அந்தச் சின்னப் பிடியில் கட்டைவிரல் போய் அந்த லீவர் மேலேயே படுத்துக்கொள்ளும். ரேஞ்சில் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்து அதே மேகசினைச் சுடச் சொல். அவருக்குத் திறந்து நின்றால் காசு செலவில்லாமல் ஒரு கோளாறு தீர்ந்தது.

ஸ்லைடு மூடியிருக்கும்போது நிறைந்த மேகசினைச் செருகினால் மேல் தோட்டா ஸ்லைடின் அடிவயிற்றில் முட்டும். அதனால் உள்ளங்கையால் அழுத்தித் தட்டி, பிறகு கீழே ஒரு இழுப்பு இழுத்துப் பார். பிடித்திருந்தால் வராது. நம்பர் 3-ஐ மட்டும் ஸ்லைடு திறந்திருக்கும்போது ஓங்கித் தட்டாதே. நீள மேகசின் அளவுக்கு மீறி ஏறி, சில மாடல்களில் எஜெக்டரை வளைத்துவிடும். இன்னொன்று, லாஸ் ஏஞ்சலிஸில் சித்தி வீட்டுக்குப் போகும்போது அதைக் காரில் மறந்து போட்டுவிட்டுப் போகாதே. பத்துக்குமேல் பிடிக்கும் மேகசினைக் கலிஃபோர்னியாவுக்குள் கொண்டுபோவது குற்றம்.

சுத்தம் செய்வது பெரிய வித்தை இல்லை. கண்ணாடி போட்டுக்கொள், அடித்தட்டைத் தள்ளும்போது கட்டைவிரலால் மூடிப் பிடி. இல்லாவிட்டால் ஸ்பிரிங் உத்தரத்துக்குப் பறக்கும். எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்று ஒரு படம் எடுத்துக்கொண்டு கழற்று. தலைகீழாகவோ முன்பின்னாகவோ போட்டால் ஃபாலோயர் சாயும். உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். எண்ணெய் வேண்டவே வேண்டாம். புழுதி ஒட்டும், தோட்டாவின் பிரைமருக்குள்ளும் கசியலாம். லிப் விரிந்திருந்தால் குறடு எடுத்து வளைக்க உட்காராதே. வெர்னியரால் நல்ல மேகசினோடு ஒப்பிட்டு அளந்து பார், வித்தியாசம் தெரிந்தால் நசுக்கிவிட்டுக் குப்பையில் போடு. நசுக்காமல் போட்டால் யாராவது எடுத்துத் துடைத்து, அடுத்த கன் ஷோவில் உனக்கே விற்பான்.

வீட்டில் காயத்ரிக்கு உதை குறைவாக இருக்கும் என்று ஒரு .32 பாக்கெட் பிஸ்டல் வாங்கலாமா என்று கேட்டாய். அதில் வேறொரு தொல்லை. .32 ஏ.சி.பி. தோட்டாவும் பிரவுனிங் செய்ததுதான், நூற்றிருபது வருஷத்துக்கு மேலாகிறது. அதன் அடியில் லேசாக வெளியே நீட்டிய ஒரு விளிம்பு உண்டு. மேல் தோட்டாவின் விளிம்பு கீழ்த் தோட்டாவின் விளிம்புக்குப் பின்னால் போய் மாட்டிக்கொண்டால், இரண்டும் பூட்டிக்கொள்ளும். தட்டி இழுத்தால் தீராது, மேகசினை வெளியே எடுத்து நெம்பித்தான் பிரிக்க வேண்டும். குண்டு குட்டையான ஹாலோ பாயிண்ட் தோட்டாக்களில் இது அதிகம். மேகசினுக்குள் முன்னும் பின்னும் நகர அவற்றுக்கு இடம் கிடைத்துவிடுகிறது. முழு நீளமுள்ள, செம்பு போர்த்திய குண்டு போட்டு, ஒவ்வொரு விளிம்பும் கீழுள்ளதற்கு முன்னால் இருக்கும்படி அடுக்கினால் பெரும்பாலும் வராது. ஆனால் அதையெல்லாம்விட, வாங்குமுன் அவளையே கேள். ரேஞ்சில் வாடகைக்கு வைத்திருப்பார்கள், அவள் நாலைந்து மாடல் சுட்டுப் பார்க்கட்டும். குட்டித் துப்பாக்கி பெண்களுக்கு என்று கடைக்காரர்கள் சொல்வதைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும். சின்னதாக இருந்தால் உதைதான் அதிகம். நான் இன்றும் போட்டிக்குப் பெரியதைத்தான் எடுத்துப் போகிறேன்.

மேகசினை நிரப்பும்போது கட்டைவிரல் வலிக்கிறது என்று வெட்கப்படாதே. ஜெர்மன் லூகரின் மேகசின் ஸ்பிரிங் அவ்வளவு பலம் என்று, அந்தக் காலத்துச் சிப்பாய்க்கே அதை நிரப்ப ஒரு கருவி கொடுத்தார்கள். உனக்கு மேக்லுலா லோடர் ஒன்று அனுப்பியிருக்கிறேன், வியாழக்கிழமைக்குள் வந்துவிடும்.

சோதனை முடிந்து, ஒரு மேகசின் நாலைந்து டப்பா தோட்டாவைச் சிக்காமல் தள்ளும்வரை அந்தத் துப்பாக்கியை இடுப்பில் செருகிக்கொண்டு வெளியே போகாதே. அதுவரை பெட்டியில் பூட்டி வை, சாவி உன்னிடமே இருக்கட்டும். சின்னவன் இப்போது நாற்காலி போட்டு ஏறுகிறானாமே, அலமாரி மேல் வைத்தால் எட்டாது என்ற கணக்கெல்லாம் இனிமேல் செல்லாது.

ஞாயிற்றுக்கிழமை ரேஞ்சுக்குப் போனால், எழுதிய தாளை அப்படியே படம் எடுத்து அனுப்பு. 1-உம் 2-உம் சிக்கினால் என்னைக் கூப்பிடு, பேசுவோம். 3 மட்டும் சிக்கினால் கூப்பிடவே வேண்டாம், சுத்தியல் எங்கே இருக்கிறது என்று காயத்ரியைக் கேள்.

அன்புடன்,
அக்கா