கல்லாவுக்கு மேலே ஒரு கப்பி

தூத்துக்குடி,
ஐப்பசி மாதம்.

அன்பு மகனே,

பெரியப்பா எழுதுகிறேன். போனில் நீ இரண்டு விஷயம் கேட்டாய். டிசம்பருக்குள் இரண்டு கிலோ மக்ரூன் டொராண்டோவுக்கு அனுப்ப முடியுமா என்பது ஒன்று. கடைக்கு வெள்ளையடிக்கும்போது கல்லாவுக்கு மேலே தொங்கும் பழைய மரக்கப்பியைக் கழற்றிப் போட்டுவிடலாமே என்பது இன்னொன்று. உன் தாத்தா கதையைச் சொன்னால் இரண்டுக்கும் பதில் கிடைத்துவிடும்.

அதைக் கிணற்றுக் கப்பி என்று நினைத்துவிட்டாய் போலிருக்கிறது. அது தோணியில் பாய் ஏற்றிய கப்பி. தாத்தா பதினான்கு வயதில் தோணிக்குப் போனார், பண்டாரிக்குக் கையாளாக. ஆடுகிற தோணியில் அடுப்பு அணையாமல் சோறு பொங்கக் கற்றுக்கொண்டதுதான் அவருடைய முதல் படிப்பு. பிறகு பாய்க்கயிறு, சுக்கான் என்று பழகி, கடைசியில் தண்டல் ஆனார். தோணிக்கு எல்லாமே தண்டல்தான். போகும்போது வெங்காயமும் வற்றல் மிளகாயும் ஏற்றுவார்கள். இன்ஜின் கிடையாது. காற்று வாய்த்தால் ஒன்றிரண்டு நாளில் கொழும்பு, வாய்க்காவிட்டால் நடுக்கடலில் காத்துக் கிடக்க வேண்டியதுதான்.

வைகாசி பிந்தினால் கச்சான் காற்று பலமாகிவிடும். ஆவணி வரை தோணி கடலில் இறங்காது. கரையில் கலப்பத்து வேலை, அதாவது தோணியின் பலகை இடுக்கை அடைக்கிற வேலை நடக்கும், ஆனால் எல்லாருக்கும் கூலி வராது. அந்த மாதங்களில் தாத்தா ஒரு பேக்கரியில் அடுப்பு வேலைக்குப் போனார். மக்ரூன் பழகியது அங்கேதான்.

மக்ரூனைப் போர்த்துகீசியர் விட்டுப்போன பலகாரம் என்று ஊரில் சொல்வார்கள். முந்திரியை இந்த நாட்டுக்குக் கொண்டுவந்தவர்களும் அவர்களே. முட்டையின் வெள்ளைக்கருவில் ஒரு சொட்டு மஞ்சள் கலக்காமல் பிரித்து, நுரை நிமிர்ந்து நிற்கும் வரை அடித்து, சீனியும் முந்திரித் தூளும் சேர்த்து, காகிதக் கூம்பில் போட்டுச் சுருள் சுருளாகப் பிழிய வேண்டும். பிறகு தணிந்த சூட்டில் மணிக்கணக்காகக் காய வேண்டும். ஈரக்காற்று பட்டால் பிசுபிசுத்துவிடும். நம் ஊரில் கச்சான் வறண்ட காற்று, மழை கொண்டுவருவது வாடை. தோணியைக் கரையில் கட்டிப்போட்ட அதே காற்றுதான் மக்ரூனுக்கு நல்ல காற்று என்பதைத் தாத்தா கண்டுகொண்டார்.

அந்தக் காலத்தில் பழைய துறைமுகத்தில் ஆழம் போதாது. கப்பல்கள் சில மைல் தள்ளி நங்கூரம் போடும், சரக்கைக் கரைசேர்த்தது தோணிகள். 1974 ஜூலையில் புதுத் துறைமுகம் நாட்டின் பத்தாவது பெருந்துறைமுகம் ஆனது. கப்பல் நேராகவே தளத்தில் வந்து நின்றது. தோணிக்காரர் பலருக்கு வேலை குறைந்தது. தாத்தா வேலை பார்த்த தோணியும் விலைபோனது. முதலாளி கணக்குத் தீர்த்துக் கொடுத்த பணத்தில் வாடகைக்கு ஓர் அடுப்பு பிடித்தார். தோணியிலிருந்து கேட்டு வாங்கி வந்தது இந்தக் கப்பி ஒன்றைத்தான்.

தண்டல் முதலாளி ஆனாரே தவிர, பழக்கம் மாறவில்லை. விடியற்காலை நாலு மணிக்குப் பின்வாசலில் சட்டையில்லாமல் நிற்பார். நெஞ்சில் படுகிற காற்றை வைத்தே, "வாடை திரும்பிட்டுல, இன்னைக்குப் பாதி போட்டாப் போதும்" என்பார். நான் வானொலியில் வானிலை கேட்டுவிட்டு எதிர்த்துப் பேசி, ஒரு நாள் முழுச்சரக்கும் போட்டேன். மத்தியானத்துக்குள் தட்டுத்தட்டாக இளகிப்போனது. அவர் திட்டவில்லை. இளகியதையெல்லாம் என்னையே எண்ணச் சொன்னார். அன்றிலிருந்து நானும் பின்வாசலில் நிற்கிறேன்.

வெள்ளையடித்த பிறகு கப்பி பழைய இடத்திலேயே தொங்கும். மக்ரூன் டிசம்பரில் வராது. இப்போது இங்கே வாடை. தூரத்துக்குப் போகிற சரக்கை வாடையில் கட்டக்கூடாது என்பது தாத்தா சொல். கச்சான் எழுந்ததும் இரண்டுக்கு மூன்று கிலோவாக அனுப்புகிறேன்.

உன் பெரியப்பா.