மழை ஓய்ந்த நாளின் மின்னல்

ஐப்பசியில் அடைமழை, கார்த்திகையில் கனமழை என்பது நம் ஊர்க் கணக்கு. இடிக்குக் கணக்கு வேறு. தாலுகா அலுவலகத்தில் நிவாரணப் பிரிவில் நான் இருந்த காலத்தில், வெள்ளத்தில் சுவர் இடிந்த கோப்புகள் நவம்பர், டிசம்பரில் குவியும். மின்னல் தாக்கி இறந்தவர்களின் கோப்புகளோ கோடையிலும், பிறகு ஆவணி, புரட்டாசியிலும்தான் அதிகம் வந்தன. ஆடு மேய்த்தவர், நாற்று நட்டவர், பனைமரத்தடியில் ஒதுங்கியவர் என்று ஒரே மாதிரிக் கதைகள்.

காரணம் வடக்கே இருக்கிறது. தென்மேற்குப் பருவமழை தீவிரமாக இருக்கும்போது, ராஜஸ்தானிலிருந்து வங்கக் கடல் வரை குறைந்த காற்றழுத்தம் ஒரு நீண்ட பள்ளம் போலக் கிடக்கும். மத்திய இந்தியாவிலும் கொங்கணத்திலும் கொட்டும். நமக்கு வறண்ட மேற்குக் காற்றும் புழுதியும்தான். அந்தப் பள்ளம் இமயமலை அடிவாரத்துக்கு ஏறிவிட்டால் அங்கே மழை நின்றுவிடும். இதைப் பருவமழையின் இடைவெளி என்பார்கள். 2023 ஆகஸ்டில் அது நீண்டுபோய், 1901-க்குப் பிறகு நாட்டில் மழை மிகக் குறைந்த ஆகஸ்ட் ஆகிவிட்டது. பருவமழை வலுவிழந்தது என்று செய்தியில் சொல்கிற இத்தகைய நாட்களில்தான் நம் பக்கத்தில் மாலை இடிமழை கூடும்.

பகலெல்லாம் தரை காயும். பிற்பகலில் மாமல்லபுரம் பக்கமிருந்து கடல்காற்று உள்ளே வந்து மேற்குக் காற்றோடு மோதும். ஈரக்காற்று நேரே மேலே கிளம்பும். மேகத்தின் தலை பன்னிரண்டு கிலோமீட்டரைக்கூடத் தாண்டும். உள்ளே பனித்துகளும் சிறு ஆலங்கட்டியும் மோதி உரசுவதில்தான் மின்னேற்றம் பிரிகிறது. ஐப்பசித் தொடக்கத்திலும் இடியோடு மழை இறங்கும். ஆனால் கார்த்திகையில் தரை குளிர்ந்து, மேகம் பரந்து கிடக்கும்போது, தண்ணீர் அதிகம், மின்னல் குறைவு.

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தபோது இதற்கு மூன்று சொற்கள் கற்றேன். கண்ணுக்குத் தெரிவது எக்லேர், காதில் விழுவது தொன்னேர், தலையில் விழுவது ஃபூத்ர். நாமோ 'இடி விழுந்தது' என்று ஓசையின் மேல் பழி போடுகிறோம். ஓசை கேட்டுவிட்டால் அந்த மின்னலிலிருந்து தப்பிவிட்டோம், பயம் அடுத்ததற்குத்தான். (கண்டதும் காதலுக்கும் அவர்கள் 'கூ த ஃபூத்ர்' என்பார்கள். அந்தக் கோப்பு எதுவும் எங்கள் பிரிவுக்கு வந்ததில்லை.)

மின்னலுக்கும் இடிக்கும் நடுவே மூன்று விநாடி என்றால் ஒரு கிலோமீட்டர் தூரம். முப்பது எண்ணுவதற்குள் கேட்டால் உள்ளே போய்விட வேண்டும். ஓலைக் கொட்டகை போதாது, நல்ல கட்டடம் வேண்டும். கடைசி இடி கேட்டு அரை மணி கழித்து வெளியே வரலாம். புனே வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தின் 'தாமினி' செயலியும் முன்கூட்டி எச்சரிக்கிறது. கொளவாய் ஏரிப் பக்கம் மாடு மேய்க்கிற ஒருவர் போனில் அதை ஏற்றிக் கொடுத்தேன். வாங்கிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "அது கத்தினதும் மாட்டை அங்கேயே விட்டுட்டா சார் ஓடியாரது?"