வாடை ஓயும் வரை

மயாமிக்கு அருகே, கீ பிஸ்கேன் தீவின் தென்முனையில் இருக்கிறது அந்தச் சிறு துறை. பெயரே 'நோ நேம் ஹார்பர்'. 2018 மார்ச்சில் அங்கே ஆறு நாட்கள் காத்துக் கிடந்தோம். சுற்றிலும் நங்கூரமிட்டிருந்த பாய்மரப் படகுகளில் பலவும் எங்களைப் போலவே பஹாமாஸுக்குப் போகக் காத்திருந்தவை. எதிர்ப்புறம் பிமினி தீவு, சுமார் 45 கடல் மைல்தான். ஆனால் நடுவில் ஓடுகிறது கல்ஃப் ஸ்ட்ரீம்.

கடலுக்குள் ஒரு நதி அது. வடக்கு நோக்கி ஏறத்தாழ 3 நாட் வேகத்தில் போகிறது. எங்கள் படகின் வேகமே 5 நாட். 1513-ல் ஸ்பானிய மாலுமி போன்ஸ் தெ லெயோன், காற்று சாதகமாக இருந்தும் தன் கப்பல்கள் பின்னுக்குத் தள்ளப்படுவதைக் கண்டு திகைத்தார். வடக்கிலிருந்து காற்று வீசினாலோ, எதிரே வரும் நீரோட்டத்தில் அலைகள் சுவராக நிமிர்ந்துவிடும். சங்கப் பாடல்களில் வாடை பிரிந்தவர்களை வாட்டும். இங்கே புறப்படவே விடாது.

ஏழாம் நாள் காற்று தெற்கே திரும்பியது. அலை அடங்க மேலும் ஒரு நாள் பொறுத்து, நள்ளிரவில் மூன்று படகுகள் சேர்ந்து கிளம்பினோம். இரவில் போவதற்குக் காரணம் உண்டு. பிமினியை நெருங்கும்போது கடல் திடீரென்று ஆழம் குறைந்துவிடும். நீரின் நிறத்தைப் பார்த்துத்தான் வழி கண்டுபிடிக்க வேண்டும். அதற்குச் சூரியன் நன்றாக மேலேறியிருக்க வேண்டும். எங்கள் படகு பிமினியை நோக்கியே திரும்பவில்லை. தென்கிழக்கே பார்த்தபடி போனது. மிச்சத்தை நீரோட்டம் பார்த்துக்கொள்ளும்.

சேர்ந்து போவது என்பதெல்லாம் துறையில் பேசும் பேச்சு. மூன்று மணிக்குள் மற்ற இரு படகுகளின் விளக்குகளும் மறைந்துவிட்டன. மணிக்கொரு முறை வானொலியில் குரல் மட்டும் வந்தது. எனக்குக் குமட்டல் வேறு. காவல் முறை என்னுடையது. படகின் சொந்தக்காரர், ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர், உறங்கப் போகுமுன் ஒன்றே ஒன்று சொன்னார்: "சந்தேகம் வந்தால் எழுப்புங்கள். கோபிக்க மாட்டேன்."

வலப்பக்கம் ஒரு சிவப்பு விளக்கு. மேலே இரண்டு வெள்ளை. ஏதோ சரக்குக் கப்பல். கைப்பிடிக் கம்பியோடு சேர்த்துக் குறி பார்த்தேன். சற்று நேரம் கழித்தும் விளக்கு அதே இடத்தில் இருந்தது, பெரிதாகியிருந்தது, அவ்வளவுதான். விளக்கு நகர்ந்தால் பயமில்லை. நகராமல் வளர்ந்தால் மோதல். இது தெரிந்திருந்தும், களைத்துத் தூங்குபவரை எழுப்ப மனம் வராமல் உட்கார்ந்திருந்தேன்.

பிறகு எழுப்பினேன். அவர் திரையைப் பார்த்தார், கப்பலைப் பெயர் சொல்லி வானொலியில் அழைத்தார், சுக்கானை வலப்புறம் திருப்பினார். எங்களுக்கு முன்னால், நட்சத்திரங்களை மறைத்தபடி, ஒரு தெருவின் நீளத்துக்கு இருட்டு கடந்து போனது. எஞ்சின் சத்தம் நெஞ்சில் கேட்டது.

பத்தரை மணிக்குப் பிமினி. கருநீலம் ஒரே கோட்டில் முடிந்து பச்சை தொடங்கியது. சுங்க அனுமதி கிடைக்கும்வரை பறக்க வேண்டிய மஞ்சள் கொடியை ஏற்றிக்கொண்டிருந்தபோது, ஐந்து நிமிடம் தயங்கியதைச் சொன்னேன். அவர் பென்சிலை எடுத்துக் கணக்குப் போட்டார். 15 நாட் வேகத்தில் வரும் கப்பல் ஐந்து நிமிடத்தில் ஒன்றேகால் கடல் மைல் நெருங்கிவிடும். அதைப் பயணக் குறிப்பேட்டில் எழுதி, கீழே என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார்.