கடுக்காய் இறங்கிய பாதை

ஆம்பூரிலிருந்து ஜவ்வாது மலைக்கு – 2

சண்டை டயரில் ஆரம்பித்தது. விடியற்காலை ஐந்தரை மணி. வாடகை வண்டிக் கடையின் ஷட்டர் பாதிதான் ஏறியிருந்தது. எனக்காக நிறுத்தி வைத்திருந்த புல்லட்டைத் துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தார்கள். பாய் அந்தப் பளபளப்பைப் பார்க்கவில்லை. கீழே குந்தி, பின்சக்கரத்துப் பள்ளத்தில் கட்டைவிரல் நகத்தை வைத்தார். நகம் இறங்கவில்லை.

"இதுல மலை ஏற முடியாது. மாத்திக் குடுங்க."

"ரெண்டு நாளுக்குத் தாங்கும் பாய். முந்தாநேத்துகூட ஏலகிரி போய் வந்துச்சு."

"ஏலகிரி ரோடு வேற. நான் இட்டுக்கினு போற ரோடு வேற. சறுக்கினா இவரை யாரு தூக்குவாங்க?"

போன இதழில் சொன்ன வழிகாட்டி இவர்தான். நாற்பத்தைந்து வயது இருக்கும். பதினோரு வருடம் ஒரு ஷூ கம்பெனியில் வேலை பார்த்தவர். இப்போது தன்னுடைய பழைய ஸ்பிளெண்டரில் முன்னால் போய், என் போன்றவர்களை மலைக்குள் அழைத்துச் செல்கிறார். அதிர்ந்து பேசாத மனிதர். அன்று முக்கால் மணி நேரம் விட்டுக்கொடுக்கவே இல்லை. கடைசியில் வேறு டயர் வந்தது. அதற்கு அறுநூறு ரூபாய் தனியாகக் கேட்டார்கள். நேரமாகிறதே என்று கொடுத்துவிட்டேன். கொடுத்த கோபம் ஆலங்காயம் வரை ஆறவில்லை. வாடகைக்கு விடுகிற வண்டியில் நல்ல டயர் போட்டு வைப்பது கடைக்காரரின் கடமை. அதற்கு வாடிக்கையாளரிடம் காசு கேட்பது வியாபாரமே இல்லை.

நாங்கள் கிளம்பும்போது ஆம்பூர் முழுதாக விழித்திருந்தது. ஷூ கம்பெனி பஸ்கள் ஒன்றன் பின் ஒன்றாக வந்தன. சாப்பாட்டுப் பையும் கழுத்தில் அடையாள அட்டையும் தலையில் மல்லிகைச் சரமுமாகப் பெண்கள் கூட்டம் கூட்டமாக ஏறினார்கள். இந்த வட்டாரத்தில் எத்தனையோ வீடுகளில் அடுப்பு எரிவது இந்தப் பெண்களின் சம்பளத்தில்தான். பைபாஸில் காரில் பறக்கிறவர்கள் ஆம்பூர் என்றால் பிரியாணி என்கிறார்கள். முந்தைய இரவு நானும் சாப்பிட்டேன். ஊறவைத்து அரைத்த காய்ந்த மிளகாயின் நிறம், சீரகச் சம்பா, பக்கத்தில் புளிப்பான கத்தரிக்காய். எல்லாம் அருமை. ஆனால் ஆம்பூரைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால் காலை ஆறு மணிக்கு இந்த பஸ் நிறுத்தத்தில் நின்று பார்க்க வேண்டும்.

ஊரை ஒட்டிய மலையைக் காட்டி, "இங்கதான் நவாப் செத்தார்" என்றார் பாய். 1749 ஆகஸ்ட் 3. ஆற்காட்டு நவாப் அன்வருதீன் கான் கணவாயை மறித்து நின்றார். எதிரே சந்தா சாகிபும் முசாபர் ஜங்கும், அவர்களோடு பிரெஞ்சுப் படையும். யானை மேலிருந்த கிழ நவாப் குண்டடிபட்டு விழுந்தார். ஒரு மகன் பிடிபட்டான். இன்னொரு மகன் முகமது அலி திருச்சிக்குத் தப்பினான். பிறகு பல வருடம் தமிழ்நாட்டை அலைக்கழித்த கர்நாடகப் போர்களில் இந்த ஊர்ச் சண்டை பெரிய திருப்பம். இன்று அந்தக் கணவாய் வழியாகத்தான் சென்னை – பெங்களூரு லாரிகள் ஓடுகின்றன.

மின்னூர், விண்ணமங்கலம், வாணியம்பாடி. இவற்றைப் பற்றி எழுத எனக்கு ஒன்றுமில்லை, தூசி தின்றதுதான் மிச்சம். ஆலங்காயம் தாண்டியதும் காற்று மாறியது. சாலை இருபுறமும் புளிய மரங்கள். மாசி மாதம், புளி உலுக்கும் காலம். உதிர்ந்த பழத்தைப் பெண்கள் கூடையில் வாரிக்கொண்டிருந்தார்கள். காவலூர் வானாய்வகத்தின் வெள்ளைக் குவிமாடம் மரங்களுக்கு மேலே தெரிந்தது. 1968இல் வைணு பாப்பு இந்த மலைக்காட்டில் ஒரு சிறிய தொலைநோக்கியோடு தொடங்கிய இடம் அது. நிலநடுக்கோட்டுக்குப் பக்கமாக இருப்பதால் வடவானத்தோடு தென்வானத்தையும் இங்கிருந்து நன்றாகப் பார்க்கலாம். நகர வெளிச்சமும் எட்டாது. 1977இல் யுரேனஸ் கோளின் வளையங்கள் வெளிப்பட்டபோது அதைக் கண்ட இடங்களில் காவலூரும் ஒன்று. 2.34 மீட்டர் பெரிய தொலைநோக்கி 1986 ஜனவரியில் திறக்கப்பட்டது. அதைப் பார்க்க பாப்பு இல்லை, 1982இலேயே போய்விட்டார். நாங்கள் போன நாள் வியாழக்கிழமை, பார்வையாளர்களை உள்ளே விடும் நாள் அல்ல. வெளியிலிருந்து கும்பிட்டுவிட்டு நகர்ந்தோம்.

காவலூருக்கும் ஜமுனாமரத்தூருக்கும் நடுவே ஒரு வளைவில் கியர் மாற்றக் கால் தூக்கியபோது, இடது பூட்ஸின் அடிப்பாகம் வாயைப் பிளந்து தொங்கியது. சென்னையில் பெரிய கடையில் ஆறாயிரம் கொடுத்து வாங்கியது. மூன்றாவது முறைதான் போட்டிருந்தேன்.

பாய் வண்டியை ஓரங்கட்டினார். பூட்ஸைக் கையில் வாங்கி, மருத்துவர் நாடி பார்ப்பது போல அமைதியாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்பர் நல்ல தோல் சார். நூறு வருசம் நிக்கும். சோல் வெறும் ஒட்டு, தையல் இல்ல. ஒட்டும்போது அவசரப்பட்டிருக்காங்க. சரியாச் சுரண்டவே இல்ல பாருங்க, எப்படி வழவழன்னு இருக்கு! வழவழப்புல ஒட்டு நிக்காது."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"பதினோரு வருசம் லாஸ்டிங்ல இருந்தேன் சார். கட்டைல அப்பரை இழுத்து மாட்டி, அடிய சுரண்டி, சோல ஒட்டுறதுதான் என் வேலை."

பக்கத்தில் ஒரு மலைக் குடியிருப்பு. நாலைந்து வீடுகள். சாணி மெழுகிய முற்றம், ஒரு காகிதத் துண்டுகூடக் கண்ணில் படவில்லை. சற்று முன்புதான் மலைக்காட்சி பார்க்கிற ஒரு திருப்பத்தில் பாட்டில்களும் தின்பண்ட உறைகளும் குவிந்து கிடந்ததைக் கண்டு மனம் வெந்திருந்தேன். அந்தக் குப்பையெல்லாம் எங்களைப் போலக் கீழேயிருந்து வந்தவர்கள் போட்டது. இந்த முற்றத்தைப் பார்த்த பிறகு எனக்கு வெட்கமாக இருந்தது.

"ஆயா, கொஞ்ச நேரம் குந்திக்கிட்டுமா?" என்று பாய் கேட்டார். எழுபது வயது தாண்டிய அம்மா. முன்பே பழக்கம் போலிருக்கிறது. "வா பாயி, கேக்கணுமா?" என்று உட்காரப் பாய் ஒன்றை விரித்தார்.

பஞ்சர் டப்பாவிலிருந்த அரத்தால் பாய் சோலையும் அப்பரையும் சொரசொரவென்று சுரண்டினார். இரண்டு பக்கமும் சொல்யூஷன் தடவினார். நான் உடனே சேர்த்து அழுத்தப் போனேன். கையைத் தடுத்துவிட்டார்.

"இருங்க சார். காயணும். விரல் வெச்சா விரல்ல ஒட்டக் கூடாது. அப்பதான் ரெண்டையும் சேக்கணும். கம்பெனில அவசரப்பட்டா பெல்ட்டு நிக்காது, ஆனா மூணு மாசம் கழிச்சு எவன் கால்லயோ வாயைத் தொறக்கும்."

கால் மணி கழித்துச் சேர்த்தார். பழைய டியூப் வார்களால் இறுக்கிச் சுற்றி, முற்றத்து ஓரத்துக் கருங்கல் ஒன்றை மேலே ஏற்றி வைத்தார். "ரெண்டு மணி நேரம் இப்படியே இருக்கட்டும்" என்றார். அந்த இரண்டு மணி நேரம்தான் இந்தப் பயணத்திலேயே எனக்குப் பெரிய வரவு.

நேரம் ஆவதைப் பார்த்த அந்த அம்மா எதுவும் கேட்காமல் அடுப்பில் உலை வைத்துவிட்டார். சாமைச் சோறு. நான் சாமையைச் சென்னையில் பளபளப்பான உறையில்தான் பார்த்திருக்கிறேன், அதை நோயாளிக்கான தானியம் என்றே நினைத்திருந்தேன். ஆவி பறக்க மந்தார இலையில் விழுந்த இந்தச் சோறு வேறு சாதி. மணி மணியாக நிற்கிறது, வாயில் போட்டால் குழைகிறது. மேலே மொச்சைக்கொட்டைக் குழம்பு. அதில் இந்த வருடத்துப் புதுப்புளி. பழம்புளியின் கருப்பும் காரலும் இல்லாமல், இளஞ்சிவப்பாக, நாக்கின் ஓரத்தில் கூசுகிற புளிப்பு. மூன்றாவது முறையாகச் சோறு கேட்டேன். "பசிச்ச வயிறு பொய் சொல்லாது தம்பி" என்று சிரித்துக்கொண்டே போட்டார். தண்ணீர் மண்பானையில். பாய் ஒரு சொம்பு முழுவதையும் ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "எங்க வீட்ல தண்ணி கேன்லதான் சார். என் பசங்க பானைத் தண்ணிய பாத்ததில்ல" என்றார்.

சாப்பிட்டு எழுந்தபோதுதான் முற்றத்தின் மூலையைக் கவனித்தேன். ஒரு சாக்கு நிறைய, கருத்துச் சுருங்கிய காய்கள் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன. கடுக்காய். பாய் ஒன்றை எடுத்து உடைத்து, ஒரு துண்டை என்னிடம் நீட்டினார்.

"கடிச்சுப் பாருங்க."

கடித்தேன். வாய் முழுக்க இறுகிக்கொண்டது. நாக்கு, ஈறு, கன்னத்து உட்புறம் எல்லாம் யாரோ பிடித்து இழுத்தது போலச் சுருங்கின.

"உங்க நாக்கை இப்ப பதனிட்டாச்சு சார்" என்றார் பாய். "இதேதான் தோலுக்கும். உள்ளார இருக்கிற சத்தை இந்தத் துவர்ப்பு கெட்டியாப் புடிச்சிக்கும். அப்புறம் அழுகாது. எங்க தாத்தா காலத்துல ஆவாரம்பட்டையும் கடுக்காயும்தான். தொட்டில வாரக்கணக்கா ஊறும்."

அந்த அம்மா தலையாட்டினார். "எங்க மாமனாரு மூட்டை கட்டி ஆலங்காயத்துக்கு எறக்குவாரு. தோல் ஷாப்புக்காரங்க வந்து வாங்குவாங்க. இப்ப நாட்டு மருந்துக்கு மட்டும்தான் கேக்கறாங்க."

நாங்கள் வந்த பாதை எனக்கு அப்போதுதான் புரிந்தது. ஆம்பூரும் வாணியம்பாடியும் ஒரு காலத்தில் இந்த மலையை நம்பிய ஊர்கள். மலையின் துவர்ப்பில்தான் சமவெளியின் தோல் பதமானது. பிறகு குரோமிய உப்பு வந்தது. வாரக்கணக்கில் ஆன வேலை ஓரிரு நாளில் முடிந்தது. 1970களில் அரைகுறையாகப் பதனிட்ட தோலை ஏற்றுமதி செய்ய அரசு கட்டுப்பாடு போட்டது. முழுமையாக்கிய தோலும் ஷூவும்தான் வெளிநாடு போக வேண்டும் என்றார்கள். கம்பெனிகள் பெருகின, வேலை பெருகியது. கழிவுநீரும் பெருகியது, அதைச் சுமந்தது பாலாறு. 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் வேலூர் குடிமக்கள் நலச் சங்கம் தொடுத்த வழக்கில் தீர்ப்புச் சொன்னது. மாசுபடுத்தியவரே இழப்பீடு தர வேண்டும் என்ற கொள்கையை நம் நாட்டுச் சட்டத்தின் பகுதியாக்கிய தீர்ப்பு அது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் பெருகின. ஆனாலும் 2015 ஜனவரி இறுதியில் ராணிப்பேட்டையில் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து 10 பேர் செத்தார்கள்.

குரோமியத்தை விட்டுவிட்டு எல்லாரும் கடுக்காய்க்குத் திரும்புங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. காலையில் பஸ் ஏறிய பெண்களின் முகம் கண் முன்னால் நிற்கிறது. ஆனால் ஒன்றை உறுதியாகச் சொல்வேன். அவர்கள் வீட்டுக்குத் திரும்பும்போது தண்ணீர் கேனையும் விலைக்கு வாங்கிக்கொண்டு போகிறார்கள். வெளிநாட்டில் ஷூ வாங்குகிறவரும், ஆறாயிரம் கொடுத்து பூட்ஸ் வாங்கிய நானும் அந்தக் கேனுக்கு ஒரு பைசா தரவில்லை. எங்கள் பாக்கியை அந்தப் பெண்கள் கட்டுகிறார்கள்.

கல்லை எடுத்துவிட்டு பாய் பூட்ஸை இரண்டு கையாலும் முறுக்கினார். அசையவில்லை. "ஊர் போய்ச் சேர்ற வரைக்கும் நான் கேரண்டி" என்றார்.

சாப்பாட்டுக்குப் பணம் நீட்டினேன். அந்த அம்மாவின் முகம் சுருங்கிவிட்டது. நான் அவசரமாகக் கையை இழுத்துக்கொண்டு, கடுக்காய் விலைக்குக் கிடைக்குமா என்று கேட்டேன். அதற்குச் சரி என்றார். கேட்ட விலையைக் கொடுத்தேன். அரைச் சாக்கைக் கட்டி ஸ்பிளெண்டரின் பின்னால் ஏற்றினார் பாய்.

வண்டியை உதைக்கும்போது அந்த அம்மா வாசல் வரை வந்தார்.

"பாயி, அங்க தோல் ஷாப்புல இன்னும் யாராச்சும் இதை வாங்கறாங்களா?"

பாய் உடனே பதில் சொல்லவில்லை. ஹெல்மெட் வாரை மாட்டினார், மறுபடி கழற்றினார்.

"ஒருத்தர் ரெண்டு பேரு பழைய மாதிரி செய்யறாங்கன்னு கேள்வி ஆயா. விசாரிச்சு வந்து சொல்றேன்."

ஜமுனாமரத்தூர் வரைக்கும் அந்தச் சாக்கு எனக்கு முன்னால் ஆடிக்கொண்டே போனது. வாயில் துவர்ப்பு இன்னும் மிச்சமிருந்தது.

(தொடரும்)