கேசட் ஆட்டமும் பம்பை ஆட்டமும்

ஈ.டி.எம். என்று இப்போதைய பிள்ளைகள் சொல்கிறார்கள். எலக்ட்ரானிக் டான்ஸ் மியூசிக்காம். எங்கள் சீயமங்கலத்துக்கு அது 1986-லேயே வந்துவிட்டது. பெயர்தான் அப்போது தெரியாது. "கம்ப்யூட்டர் மியூசிக்" என்று சொல்லிக்கொள்வோம். கம்ப்யூட்டரை எங்களில் ஒருவரும் கண்ணால் பார்த்ததில்லை என்பது வேறு விஷயம்!

எனக்கு அப்போது செஞ்சியில் எழுத்தர் வேலை. செஞ்சி தென்னாற்காடு மாவட்டம், எங்கள் ஊர் வட ஆற்காடு. வார நாளில் செஞ்சியில் அறை, சனிக்கிழமை மாலை தேசூர் வழியாக ஊர். கையில் பெரும்பாலும் ஒரு கேசட் இருக்கும். செஞ்சியில் ஒரு ரெக்கார்டிங் கடையில் பாட்டுப் பட்டியல் எழுதிக் கொடுத்தால் அறுபது நிமிட கேசட்டில் பதிந்து தருவார்கள். படம் நம் பக்கத்துக் கொட்டகைக்கு வருவதற்குள் பாட்டு தேய்ந்தே போயிருக்கும்.

அந்த வருடம் மே மாதக் கடைசியில் 'விக்ரம்' வந்தது. சுஜாதா கதை, கமல்ஹாசன், இளையராஜா. தலைப்புப் பாட்டிலேயே சிந்தசைசர் அதிர்ந்தது. தீபாவளிக்கு, நவம்பர் 1-ஆம் தேதி, பாலசந்தரின் 'புன்னகை மன்னன்'. அதில் கமல் நடன ஆசிரியர். வார்த்தையே இல்லாத அந்தத் தீம் மியூசிக்கை நம் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். இந்தியத் திரையிசையில் கம்ப்யூட்டர் சீக்வென்சரை முதன்முதலில் பயன்படுத்திய படங்களில் அது ஒன்று. அதற்குக் கருவியில் நிரல் அமைத்துக் கொடுத்தவர் திலீப் என்ற 19 வயதுப் பையன் என்று பின்னாளில் படித்தேன். 1992-இல் 'ரோஜா' வந்தபோது அவர் ஏ.ஆர். ரஹ்மான்.

சீக்வென்சர் என்பது என்ன? அது ஒலியைப் பதிந்து வைப்பதில்லை. எந்தக் கட்டையை, எந்த நேரத்தில், எவ்வளவு அழுத்தி, எவ்வளவு நேரம் பிடிக்க வேண்டும் என்ற கட்டளையை மட்டும் வைத்துக்கொள்ளும். நொட்டேஷன் தாளை ஒரு இயந்திரமே படித்து, இயந்திரமே வாசிப்பது போல. பல கம்பெனிக் கருவிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள 1983-இல் மிடி என்ற பொது மொழி வந்தது. அதன் பிறகு ஒரே ஆள் ஒரு கோஷ்டி வாசிப்பது போல வாசிக்க வைக்கலாம். கை வலிக்காது, தாளம் தப்பாது, ஆயிரம் தடவை அடித்தாலும் ஒரே அடி.

இதில் நம் நாட்டுக்காரர் ஒருவரைச் சொல்லாமல் விடக்கூடாது. பம்பாய்த் திரையிசைக் கோஷ்டிகளில் கிடார் வாசித்த சரண்ஜித் சிங், 1982-இல் ரோலண்ட் கம்பெனி இயந்திரங்களை வைத்துக்கொண்டு பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் பதிந்து ஒரு தட்டு போட்டார். யாரும் கவனிக்கவில்லை. 2010-இல் அது மறுபடி வெளிவந்தபோது வெள்ளைக்காரர்கள் வியந்தார்கள். அமெரிக்காவின் சிகாகோவில் 1987-இல் 'ஆசிட் ஹவுஸ்' என்று கிளம்பிய நடன இசையின் சாயல், ஐந்து வருடம் முன்பே பம்பாயில் இருந்திருக்கிறது!

ஊர்க் கதைக்கு வருகிறேன். 1986 ஆடித் திருவிழா. எங்கள் தெரு மாரியம்மனுக்கு எப்போதும் பம்பை, உடுக்கை, கைச்சிலம்போடு ஒரு குழு வரும். அதில் மூத்தவரை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். அப்பாவுக்குச் சின்ன வயதிலிருந்து கூட்டாளி. அந்த வருடம் இளவட்டங்கள் கூடி, "சவுண்ட் சர்வீஸ் வைத்து விக்ரம் பாட்டுக்கு ஆட்டம் போடலாம்" என்று முடிவு செய்தார்கள். முன்னால் நின்றவன் என் தம்பி. காசுக்கு எங்கே போவது? பம்பைக் குழுவுக்கு வழக்கமாகக் கொடுக்கும் 300 ரூபாயைப் பாதியாக்கினார்கள். அப்பா தம்பியோடு பேசுவதையே நிறுத்திவிட்டார்.

முதல் நாள் ராத்திரி கூம்பு ஸ்பீக்கர் அலற, தம்பி ஆடினான். நன்றாகவே ஆடினான். பெண்கள் திண்ணை விட்டு எழுந்து வந்து பார்த்தார்கள். மாமாவும் ஓரமாக உட்கார்ந்து கடைசிவரை பார்த்தார். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவர் சொன்னது இது:

"பொட்டி நல்லாத்தான் வாசிக்குது தம்பி. ஆனா எதிர்ல யாரு ஆடுறாங்கன்னு அதுக்குத் தெரியலயே."

மறுநாள் விடியற்காலை கரகம் எடுக்கும்போது அதன் அர்த்தம் விளங்கியது. சாமி வருகிற அம்மாவின் தோளில் ஒரு சின்ன நடுக்கம். மாமாவின் கண் அதைவிட்டு நகரவில்லை. வர்ணிப்பை நிறுத்தி, அடியை மெல்லக் கூட்டினார். அந்த அம்மா தளர்ந்தால் இவர் தளர்ந்தார், எழுந்தால் இவர் எழுந்தார். யார் யாரை ஆட்டுகிறார்கள் என்று சொல்ல முடியவில்லை. கேசட்டால் அப்படிக் காத்திருக்க முடியாது. நீங்கள் தயாரோ இல்லையோ, பாட்டு நாலரை நிமிடத்தில் முடிந்துவிடும்.

அப்பா அன்று மாலை மீதி 150 ரூபாயைத் தன் கையிலிருந்து கொண்டுபோய்க் கொடுத்தார். மாமா வாங்க மறுத்தார். "அம்மனுக்கு வாசிச்சதுக்குய்யா, எனக்கு இல்ல" என்று அப்பா திண்ணையில் வைத்துவிட்டு வந்தார். எங்கள் வீட்டில் 150 ரூபாய் சின்னத் தொகை இல்லை. தம்பி அதைப் பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த ஆடிக்கு அவனே வீடு வீடாகப் போய்ப் பம்பைக்குத் தனியாக வசூல் செய்தான்.

இயந்திரத்தைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. தீபாவளிக்கு வந்த புன்னகை மன்னன் கேசட்டை நானும் நாடா சிக்கும்வரை கேட்டவன்தான். ஆனால் ஒரு அடியை இயந்திரம் எடுத்துக்கொண்டால், அதுவரை அதை அடித்த கைக்கு யார் சோறு போடுவது என்ற கேள்வியும் கூடவே வந்தது. சென்னையில் பெரிய பெரிய வாத்தியக் கோஷ்டிகள் சுருங்கிப்போனதை நாம் எல்லோரும் பார்த்தோம். அங்கே எத்தனை அப்பாக்கள் தன் கையிலிருந்து 150 ரூபாய் கொடுக்க முடியும்?

எங்கள் ஊர்க் குகைக்கோயிலில், மகேந்திரவர்மன் குடைந்த தூணில், சிவன் ஆடுகிறார். தமிழ்நாட்டில் ஆடும் சிவனைக் கல்லில் காட்டிய மிகப் பழைய சிற்பங்களில் அது ஒன்று. 1,300 வருடத்துக்கு மேலாகத் தாளமே இல்லாமல் ஆடிக்கொண்டிருக்கிறார். அவருக்குச் சரி. நமக்கு ஆட, யாராவது நம்மைப் பார்த்து அடிக்க வேண்டியிருக்கிறது. பெரிய ஊர்களில் டி.ஜே. என்று நிற்கிறவரும், கெட்டிக்காரராக இருந்தால், கூட்டத்தின் காலைப் பார்த்துத்தான் அடுத்த பாட்டைப் போடுகிறார் என்கிறார்கள். மாமா கேட்டால் ஒப்புக்கொள்வார்.

மாமா இப்போது இல்லை. அவர் மகன் மெல்லிசைக் குழுவில் ஆக்டோபேட் வாசிக்கிறான். எட்டுச் சதுரம், குச்சியால் தட்டினால் தபலாவும் வரும் தவிலும் வரும். ஒன்றில் பம்பை ஒலியையும் ஏற்றி வைத்திருக்கிறான். கச்சேரி இல்லாத அமாவாசைகளில் மட்டும் அப்பாவின் பம்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மேல்மலையனூருக்குப் போய்விடுகிறான். அங்கே அங்காளம்மன் சன்னதியில் சாமி ஆடுகிறவர்களுக்கு இன்னும் பம்பைதான் வேண்டியிருக்கிறது. கூலி இப்போது பரவாயில்லை என்று போன மாதம் சொன்னான்.