முப்பது நாளைக்கு ஒரு அம்மா



கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையா படிங்க. வீட்டில் கர்ப்பிணிப் பெண் இருந்தால் கட்டாயம் படிங்க.

போன ஞாயிறு காலைப் பூசைக்கு வந்தவங்க பார்த்திருப்பீங்க. நம்ம ஆலயத்துப் பெரியாச்சி அம்மன் சன்னதியில் ரெண்டு குழந்தைகளுக்கு முப்பது முடிஞ்ச பூசை. தாத்தா பாட்டி முன்னால, அப்பா கையில் போன், தாய் பட்டுச்சேலையில். எல்லாருக்கும் பின்னால, தூண் ஓரமா, ஃபிளாஸ்க்கும் குழந்தைத் துணிப்பையும் பிடிச்சுக்கிட்டு ஒரு அம்மா நின்னாங்க. குழந்தை வீறிட்டு அழுதப்போ தாய் திரும்பிப் பார்த்தது அந்த அம்மாவைத்தான்.

அந்தப் பையைப் பிடிச்சுக்கிட்டு நிற்கிறவங்கதான் நாங்கள். அன்னதானக் கொட்டகையில் வெங்காயம் உரிக்கும் மகளிர் தொண்டர்களில் ஆறு பேர், பிள்ளை பெற்ற வீட்டுக்குத் துணைக்குப் போகிறவங்க. பச்சை உடம்புக்காரிக்குப் பத்தியச் சமையல், எண்ணெய் தேய்ச்சு வெந்நீர் ஊத்துறது, குழந்தையைக் குளிப்பாட்டுறது, ராத்திரி முழிச்சு இருக்கிறது, பால் கொடுக்கும்போது பக்கத்தில் உட்கார்றது. எங்களில் ஒருத்தியின் மகள் இதுக்கு 'டூலா'ன்னு பேர் இருக்கு என்றாள். கிரேக்க மொழியில் பணிப்பெண் என்று அர்த்தமாம். "அப்போ சரியான பேருதான், எங்க போனாலும் எங்களை வேலைக்காரின்னுதானே நினைக்கிறாங்க" என்று எங்கள் மூத்த அக்கா சிரிச்சாங்க.

முன்னே இதுக்கு ஆள் தேட வேண்டியதே இல்லை. எங்களில் பாதிப் பேர் ரெங்கம், லாயாங் லாயாங், குளுவாங் பக்கத்துத் தோட்டங்களில் பிறந்தவங்க. லயத்தில் ஒரு வீட்டில் பிள்ளை பிறந்தால் நாலு வீட்டு அடுப்பில் மிளகு ரசம் கொதிக்கும். ஒருத்தி பூண்டு உரிப்பாள், ஒருத்தி துணி அலசுவாள், ஒரு கிழவி தொட்டில் பக்கத்திலேயே தூங்குவாள். தோட்டங்கள் தாமானாவும் செம்பனையாவும் மாறின பிறகு, லயத்துச் சனம் ஆளுக்கொரு பிளாட்டுக்குப் போயாச்சு. பாட்டியான பெண்ணும் இன்னும் வேலைக்குப் போகிறாள். நம்ம ஜோகூரில் விடியக்காலை நாலு மணிக்கே பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்குப் போகிற பாட்டிகள் உண்டு.

திருச்சி தாயுமானவர் கதை உங்களுக்குத் தெரியும். காவிரியில் வெள்ளம், அம்மாக்காரி அக்கரையில், மகளுக்கு இக்கரையில் பிரசவ வலி. சிவபெருமானே தாயாக வந்து துணை இருந்தார். இன்னைக்கும் அம்மாக்காரி அக்கரையில்தான் இருக்கிறாள், வெள்ளத்துக்குப் பதிலா வேலை. 2023 ஜனவரியிலிருந்து நம் நாட்டில் தனியார் துறையிலும் பிரசவ விடுப்பு 60 நாளில் இருந்து 98 நாள் ஆகியிருக்கு. நல்ல விஷயம். அந்த விடுப்பு பிள்ளை பெற்றவளுக்கு. அவளைப் பார்த்துக்க வேண்டிய அவளோட அம்மாவுக்கு விடுப்பு ஏது?

அதனால் எங்களைக் கூப்பிட்டாங்க. நாங்களும் போனோம். ரெண்டு வருஷத்துக்கு முன்னால வரை எப்படிப் போனோம் என்பதை மறைக்காமல் சொல்கிறோம்.

விலை என்று ஒன்றும் கிடையாது. "பார்த்துக் கொடுங்கம்மா" என்போம். சிலர் நல்லா கொடுத்தாங்க. சிலர் முப்பது நாள் கழிச்சு ஒரு சேலையும் சின்ன அங்பாவும் கொடுத்து அனுப்பினாங்க. எங்களுக்குள்ளேயே ஒருத்தி 1,800 வெள்ளி கேட்ட வீட்டுக்கு, இன்னொருத்தி 1,200-க்கு ஒத்துக்கிட்டுப் போனாள். ரெண்டு பேரும் ஒரே கொட்டகையில் எதிரெதிரே உட்கார்ந்து காய் நறுக்குறவங்க. ஆறு மாசம் பேச்சுவார்த்தை இல்லை. சாம்பாருக்கு உப்பு போட்டாச்சான்னுகூட மூணாவது ஆள் மூலமாத்தான் கேட்டுக்கிட்டாங்க.

அதைவிடப் பெரிய அடி பிறகு வந்தது.

எங்கள் மூத்த அக்கா ஒரு வீட்டில் துணைக்கு இருந்தாங்க. பிறந்து நாலாம் நாள் குழந்தை மஞ்சளா தெரிஞ்சது. காலை வெயிலில் காட்டச் சொன்னாங்க, சர்க்கரைத் தண்ணி ரெண்டு கரண்டி கொடுத்தாங்க. அந்தக் காலத்தில் எல்லாரும் செஞ்சதுதான். குழந்தை பால் குடிக்காமல் தூங்கிக்கிட்டே இருந்தது. "நல்ல புள்ள, தொந்தரவே இல்ல" என்று எல்லாரும் சந்தோஷப்பட்டோம். மறுநாள் அரசாங்க கிளினிக்கில் இருந்து வீட்டுக்கு வந்த மிஸ்ஸி பார்த்த உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாங்க. மஞ்சள் ஏறியிருந்தது. நாலு நாள் நீல விளக்குக்கு அடியில் வைத்திருந்தாங்க. அம்மன் புண்ணியத்தில் குழந்தை தப்பிச்சது.

அக்கா தப்பிக்கவில்லை. அந்த வீட்டில் யாரும் திட்டவில்லை, ஆனால் அவங்க அதுக்குப் பிறகு கோயிலுக்கே வரவில்லை. மூணு வாரம் கழிச்சு நாங்கள் அஞ்சு பேரும் வீட்டுக்குப் போனோம். பேசாமல் இருந்த அந்த ரெண்டு பேரும் ஒரே காரில் வந்தாங்க. அக்கா கதவைத் திறந்து, "நாப்பது வருஷமா புள்ள தூக்குன கை, இனிமே தூக்காது" என்றாங்க. எங்களில் ஒருத்தி சொன்னாள்: "உங்க இடத்தில் நான் இருந்திருந்தாலும் வெயில்லதான் காட்டியிருப்பேன் அக்கா. தெரியாதது உங்களுக்கு மட்டும் இல்ல, நம்ம ஆறு பேருக்கும்."

அந்த வார்த்தையில்தான் எல்லாம் தொடங்கியது.

நம் பக்தர்களில் ஓய்வுபெற்ற மிஸ்ஸி ஒருத்தர் இருக்காங்க. அன்னதானம் முடிஞ்சதும் மண்டபத்து மூலையில் பாய் விரிச்சு எங்களுக்குப் பாடம் எடுத்தாங்க. எட்டு ஞாயிறு. உங்களுக்கும் பயன்படும் என்பதால் சிலதை எழுதுகிறோம்.

மஞ்சளுக்கு வெயில் மருந்து இல்லை. எவ்வளவு ஏறியிருக்கு என்று ரத்தம் எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். அதிகமா ஏறினால் மூளையைத் தாக்கும். பால் குடிக்க எழுப்பியும் எழும்பாத குழந்தை நல்ல பிள்ளை இல்லை, உடனே கிளினிக்குக்குக் கொண்டு போக வேண்டிய பிள்ளை. ஆறு மாசம் வரை தாய்ப்பால் போதும். தண்ணி, சர்க்கரைத் தண்ணி, தேன் எதுவும் வேண்டாம். தொப்புளில் பவுடர், விபூதி எதுவும் வைக்கக் கூடாது, காய்ந்து தானா விழும். சாம்பிராணிப் புகையைக் குழந்தை பக்கம் கொண்டு போகாதீங்க. நம் நாட்டில் பிறக்கிற குழந்தைகளுக்கு ஜி6பிடி பரிசோதனை செய்வாங்க. அந்தக் குறை உள்ள குழந்தையின் துணி அலமாரியில் அந்துருண்டை போட்டால்கூட ஆபத்து. அதனால் புது வீட்டுக்குள் போனதும் நாங்கள் முதலில் பார்ப்பது அலமாரியைத்தான்.

தாய்க்கும் அதேதான். காய்ச்சல், ஒரு மணி நேரத்தில் பேட் நனையும் அளவுக்கு ரத்தப்போக்கு, ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது, மூச்சுத் திணறல், கண் மங்கும் தலைவலி. இதில் எது வந்தாலும் லேகியம் கொடுத்துப் பார்க்கிற வேலை வேண்டாம், ஆஸ்பத்திரிதான். குழந்தை தூங்கியும் தாய் தூங்காமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தால், 'எனக்கு இந்தப் புள்ள வேணாம்'னு சொன்னால், அவளைத் திட்டாதீங்க. அதுவும் உடம்புக்கு வருகிற நோய்தான், மருத்துவம் இருக்கு. பத்தியம் என்ற பேரில் தண்ணி குடிக்க விடாமல் செய்வதையும் விட்டுட்டோம்.

விடாதது என்ன? பூண்டுக் குழம்பு, முருங்கைக் கீரை, மிளகு ரசம், சுறாப்புட்டு, நல்லெண்ணெய், இதமான வெந்நீர். "இதெல்லாம் தாராளமா செய்யுங்க" என்று மிஸ்ஸியே சொன்னாங்க. அக்காவுக்கு அப்போதான் முகம் கொஞ்சம் தெளிஞ்சது.

படிச்ச பிறகு காசு விஷயத்தையும் பேசினோம். ஆறு பேரும் ஒரே விலை, ஒரே தாளில் எழுதி முன்கூட்டியே கொடுப்பது. ஏழாம் மாசத்தில் முன்பணம். என்ன செய்வோம், என்ன செய்ய மாட்டோம் என்பதும் அதே தாளில். பிரசவம் பார்க்க மாட்டோம், அது சட்டப்படி பதிவு பெற்ற மருத்துவச்சியின் வேலை. மருந்து கொடுக்க மாட்டோம். தாயும் பிள்ளையும் போட்ட துணி துவைப்போம், குடும்பத்தில் எல்லாருடைய துணியையும் துவைக்க மாட்டோம். (இந்த வரிக்குத்தான் ரொம்பக் கைதட்டல்.) ரெண்டு ரெண்டு பேரா ஜோடி சேர்ந்திருக்கோம். ஒருத்திக்கு உடம்பு முடியலைன்னா, பிள்ளை நாள் தவறி முன்னாலேயே பிறந்துட்டா, மற்றவள் போவாள்.

எஸ்.எஸ்.எம்.-இல் சொந்தப் பெயரில் தொழிலைப் பதிய வருஷத்துக்கு 30 வெள்ளி, கடைப் பெயர் வைத்தால் 60. நாங்கள் சொந்தப் பெயரிலேயே பதிஞ்சோம். நாலு பேர் சொந்தத் தொழில் செய்கிறவங்களுக்கான சொக்சோவிலும் சேர்ந்திருக்காங்க. ஆபத்து அவசரத்துக்குக் 'கூட்டு' கட்டலாம் என்று ஒருத்தி சொன்னாள். 1971-லேயே கூட்டு நடத்துறதுக்குத் தடைச் சட்டம் வந்துடுச்சுன்னு கணக்குத் தெரிஞ்ச ஒரு தம்பி எச்சரிச்சாரு. அதனால் வங்கிக் கணக்கு, மூணு கையெழுத்து. ஒவ்வொரு வீட்டு வேலையிலும் நூற்றுக்கு அஞ்சு வெள்ளி அதில் போடுறோம். போன வருஷம் ஒருத்திக்குக் கை முறிஞ்சு ரெண்டு மாசம் வருமானம் இல்லாதபோது, அவள் வீட்டு வாடகை அந்தக் கணக்கில் இருந்துதான் போனது. 1960-இல் துன் சம்பந்தன் தொடங்கின கூட்டுறவுச் சங்கத்தில் தோட்டத்துச் சனம் கொஞ்சம் கொஞ்சமா காசு கட்டித் தோட்டத்தையே வாங்கினாங்க. எங்க அப்பா அம்மா செய்ததைவிட நாங்கள் ஒன்றும் புதுசா செய்யவில்லை.

நிர்வாகத்தில் ஒரு பெரியவர் கேட்டார்: "கோயில் தொண்டு செய்யிற நீங்க, புள்ள தூக்குறதுக்கு விலை வைக்கலாமா? அது புண்ணியக் காரியம் இல்லையா?" அவர்மேல் எங்களுக்குக் கோபம் இல்லை, எங்களுக்கும் அந்தக் கேள்வி இருந்தது. அக்காதான் பதில் சொன்னாங்க: "ஐயா, மேளக்காரருக்குச் சம்பளம் கொடுக்குறோம், பூக்காரம்மாவுக்குக் காசு கொடுக்குறோம். அவங்க வாசிச்சதும் தொடுத்ததும் சாமிக்கு இல்லாம போயிடுச்சா? நான் பசியோட இருந்தா எவ்வளவு நாளைக்கு அடுத்த வீட்டுப் புள்ளைக்கு முழிச்சிருப்பேன்?" பெரியவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு அவரே ஒரு நிபந்தனை போட்டார், நாங்களும் ஒத்துக்கிட்டோம். ஆலயத்தின் பெயரைத் தொழிலுக்குப் பயன்படுத்தக் கூடாது, ஆலயத்துக்குக் கமிஷனும் வேண்டாம், ஞாயிறு பாடத்துக்கு மண்டபம் உண்டு. அதனால்தான் இந்தப் பதிவில் எங்கள் பெயரோ போன் நம்பரோ இல்லை.

கேட்பது ரெண்டே விஷயம்.

ஒன்று, வளைகாப்புக்கும் பெயர் சூட்டுக்கும் மோதிரம், கூடை நிறையப் பழம், டயப்பர் எல்லாம் கொடுக்கிறோம். நாலு உறவுக்காரர் சேர்ந்து, அந்தத் தாய்க்கு ஒரு வாரத் துணையைப் பரிசா கொடுங்க. அவள் ஒரு ராத்திரி நிம்மதியா தூங்கினால் அதைவிடப் பெரிய தங்கம் இல்லை. வசதி இல்லாத தாய்க்கு வருஷத்துக்கு ஒரு வீடு நாங்கள் இலவசமா செய்கிறோம். அந்த நாட்களுக்கான கூலியைப் பொதுக் கணக்கில் இருந்து போகிறவளுக்குக் கொடுத்துடுவோம். தர்மம் ஆறு பேர் தலையிலும் சமமா விழணும், ஒருத்தி வயிற்றில் விழக்கூடாது.

ரெண்டு, முப்பது முடிஞ்சு சன்னதிக்கு வரும்போது, தூண் ஓரத்தில் பையோட நிற்கிறவங்களையும் முன்னால கூப்பிடுங்க. நிமிர்ந்து பெரியாச்சியைப் பாருங்க. அவளே மருத்துவச்சியா வந்தவள்தானே. பிள்ளையை மண்ணில் படாமல் தூக்கிப் பிடிச்சிருக்கிற கை அது.

அக்கா திரும்பி வந்துட்டாங்க. இப்போ புது வீட்டுக்குப் போனால், பையில் இருந்து லேகியத்துக்கு முன்னால ஒரு தாளை எடுத்து ஃபிரிட்ஜில் ஒட்டுறாங்க. பக்கத்துக் கிளினிக்கின் நம்பர். பிறகு குழந்தையை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டு போய், நெற்றியில் விரலை மெல்ல அழுத்தி எடுத்து, நிறத்தைப் பார்க்கிறாங்க. சந்தேகம் இருந்தால் ராத்திரி ரெண்டு மணியானாலும் எங்களில் யாருக்காவது போன் வரும். நாங்களும் எடுக்கிறோம்.

போன ஞாயிறு தூண் ஓரத்தில் நின்னது அவங்கதான்.

அடுத்த ஞாயிறு அன்னதானத்துக்கு வெங்காயம் உரிக்க ஆள் தேவை. வாங்க, பேசிக்கிட்டே உரிக்கலாம்.

அம்மன் எல்லாத் தாய்க்கும் துணை. 🙏