கேள்வி கேட்டவர்

கரமனையில் எங்கள் தெருவில் மலையாள நடிகர் சுரேஷ் கோபி பேச்சை எடுத்தால் போதும், இரண்டு கட்சியாகிவிடும். ‘எத்தனை பேருக்கு உதவியிருக்கிறார்!’ என்பது ஒரு கட்சி. ‘வாயைத் திறந்தாலே வம்பு’ என்பது மறு கட்சி. எதிலும் சேராத என்மேல் இரண்டு தரப்புக்கும் வருத்தம்.

2012-இல் ஏஷியாநெட்டில் அவர் நடத்திய ‘நிங்ஙள்க்கும் ஆகாம் கோடீஸ்வரன்’ என்ற வினாடி வினா நிகழ்ச்சி தொடங்கியது. ‘கமிஷனர்’ படத்தில் அதட்டிப் பேசிய போலீஸ்காரர், கடனும் கவலையுமாக வந்து உட்கார்ந்த சாதாரண மனிதர்களிடம் குரலைத் தாழ்த்திப் பேசினார். வீட்டு நிலவரம் விசாரித்தார், கண் கலங்கினார், சிலருக்குத் தன் பணத்திலிருந்தும் கொடுத்தார். கேள்வியும் நான்கு விடைகளும் கணினித் திரையில் வந்துவிடும். தெரியாமல் தவிப்பவரைக் கூசவைக்காமல், அந்தத் தவிப்பைச் சுவையாக நீட்டுவதுதான் தொகுப்பாளரின் வேலை. அது அவருக்குக் கைவந்தது.

இதே நிகழ்ச்சியின் தமிழ் வடிவத்தில் தொகுப்பாளர் நாற்காலி கைமாறிக்கொண்டே இருந்தது: சூர்யா, பிரகாஷ்ராஜ், அரவிந்த்சாமி, பிறகு ‘கோடீஸ்வரி’யில் ராதிகா. மலையாளத்திலோ நிகழ்ச்சி மழவில் மனோரமாவுக்குப் போனபோதும் சுரேஷ் கோபிதான். இந்தியில் 2007-இல் அமிதாப் இடத்துக்கு ஷாருக் கான் வந்தார். கலகலப்புக்குக் குறைவில்லை. ஆனாலும் 2010-இல் அமிதாப்பையே திரும்ப அழைத்தார்கள். ஒருவரின் குரலோடு ஒட்டிப்போன நிகழ்ச்சியில் வாரிசு வேலை கடினம்.

சுரேஷ் கோபிக்கு அந்த ஒட்டுதலே நிகழ்ச்சிக்கு வெளியில் வினையானது என்று எனக்குத் தோன்றுகிறது. 2023 அக்டோபரில் கோழிக்கோட்டில் கேள்வி கேட்ட பெண் நிருபரின் தோளில் கை வைத்தார். நிருபர் விலகியும் மீண்டும் வைத்தார். மகளைப் போலக் கருதியதாகச் சொல்லி மன்னிப்புக் கேட்டார். போலீஸ் வழக்கும் பதிவானது. மேடைக்கு விரும்பி வருபவரிடம் மூத்தவர் உரிமை எடுத்துக்கொள்வதை ரசிகர்கள் ரசிப்பார்கள். அந்த நிருபரோ உறவு கொண்டாட வரவில்லை, தன் வேலையைச் செய்ய வந்தவர். அங்கே பதில் சொல்லும் நாற்காலி சுரேஷ் கோபியுடையது.

2024-இல் திருச்சூரில் வென்று, மத்திய இணை அமைச்சரும் ஆனார். கேரளத்திலிருந்து மக்களவைக்குப் போன முதல் பா.ஜ.க. உறுப்பினர் அவர். அடுத்த பிப்ரவரியில், பழங்குடியினர் நலத் துறையை உயர்சாதியினர் கையில் கொடுக்க வேண்டும் என்று பேசினார். எதிர்ப்பு கிளம்பியதும் திரும்பப் பெற்றார். படப்பிடிப்பில் சொதப்பினால் இன்னொரு டேக் உண்டு. அமைச்சர் பேச்சுக்கு அந்த வசதி இல்லை.

அவர் செய்த உதவிகளை இந்தப் புகார்களுக்கு ஈடாக வரவு வைக்கக் கூடாது. புகார்களைக் காட்டி அந்த உதவிகளை அழிக்கவும் கூடாது. வழக்கை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளும். தொகுப்பாளராக அவருக்கு நான் தாராளமாகவே மதிப்பெண் போடுவேன். கேள்விக்குப் பதில் சொல்பவராக அவர் இன்னும் தேறவில்லை. அடுத்து தொகுப்பாளர் நாற்காலிக்கு வருபவர் சுரேஷ் கோபியைப் போல் நடிக்காமல் இருந்தால் நல்லது. வருபவர் ஒரு பெண்ணாக இருந்தால் இன்னும் நல்லது. ராதிகா அதைத் தமிழில் செய்து காட்டிவிட்டார்.